அத்தியாயம் 6: காரணம் வேறு, சாக்கு வேறு – மனக்காயம்பட்ட ஆண்களுக்கான குழுப் பயிற்சி

போர்முனையிலிருந்து திரும்பியவர், விபத்தில் கண்ணெதிரே சக ஊழியரைப் பறிகொடுத்தவர், சிறு வயதில் அப்பாவின் பெல்ட்டடிக்கு முதுகைக் கொடுத்து வளர்ந்தவர் எனப் பலர் ஆலோசனைக்கு வருகிறார்கள். இவர்களில் சிலர் வீட்டில் மனைவியை அடிக்கிறார்கள். இப்படி ஒருவர் எதிரே வந்து உட்காரும்போது ஆலோசகர் இரண்டு பக்கமும் சறுக்கலாம். "பாவம், அவர் பட்ட பாடு அப்படி" என்று இரங்கி அடியை மறந்துவிடுவது ஒரு பக்கம். "அடிக்கிற ஆளுக்கு என்ன பெரிய காயம்?" என்று காயத்தைத் தள்ளிவிடுவது இன்னொரு பக்கம். முதல் வழியில் மனைவியின் ஆபத்து அப்படியே தொடர்கிறது. இரண்டாவது வழியில் அந்த ஆண் மூன்றாவது வாரமே வராமல் நின்றுவிடுகிறார். மனைவியின் ஆபத்து அப்போதும் தொடர்கிறது.

காயத்தையும் பொறுப்பையும் ஒரே அறையில் வைத்துப் பேச முடியும் என்று காட்டிய பயிற்சி 'ஸ்ட்ரென்த் அட் ஹோம்'. அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையில் பணியாற்றும் பாஸ்டன் உளவியலாளர் கேசி டாஃப்ட், தன் சகாக்களுடன் சேர்ந்து அதை உருவாக்கினார். வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு மணி நேரம், மொத்தம் 12 அமர்வுகள். இந்த அத்தியாயம் அதையே மாதிரியாகக் கொண்டு, இத்தகைய குழுவை நடத்துபவர் என்னென்ன செய்ய வேண்டும், எங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று விளக்குகிறது.

பின்னணி

துணைவியை அடிக்கும் ஆண்களுக்கென்று அமெரிக்காவில் தனித் திட்டங்கள் 1970களின் இறுதியில் தோன்றின. பாஸ்டனில் 1977-ல் 'எமர்ஜ்' அமைப்பு தொடங்கியது. 1981-ல் மினசோட்டா மாநிலத்தின் டுலூத் நகரில் உருவான திட்டம் பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. அடிபட்ட பெண்கள் சொன்ன அனுபவங்களிலிருந்து டுலூத் குழுவினர் வரைந்த 'அதிகாரமும் கட்டுப்பாடும்' சக்கரத்தை இன்றும் ஆலோசனை மையங்களில் பார்க்கலாம். மிரட்டுவது, பெண்ணைத் தனிமைப்படுத்துவது, பணத்தைக் கைக்குள் வைத்துக்கொள்வது, பிள்ளைகளைப் பகடைக்காய் ஆக்குவது ஆகியவை அதன் ஆரங்களில் சில. அடி என்பது கோபம் தலைக்கேறியதால் நேர்ந்த விபத்து அல்ல, அதிகாரத்தைத் தக்கவைக்கும் வழி என்பதே டுலூத் சொன்ன செய்தி.

அந்தச் செய்தி சரியானது. ஆனால் அதை வகுப்பாக எடுத்துச் சொன்னதால் ஆண்கள் எவ்வளவு மாறினார்கள் என்பது வேறு கேள்வி. ஜூலியா பாப்காக்கும் சகாக்களும் 22 ஆய்வுகளைத் தொகுத்து 2004-ல் வெளியிட்ட கட்டுரையில், இத்தகைய திட்டங்களின் பலன் சிறியது என்று கண்டார்கள். கைது மட்டும் செய்யப்பட்டவர்களோடு ஒப்பிட்டால், மறுபடி அடி விழும் வாய்ப்பு சுமார் 5 சதவீதம்தான் குறைந்தது.

இன்னொரு பக்கம், வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களைப் பற்றிய தேசிய ஆய்வு ஒரு தொடர்பை வெளிப்படுத்தியது. பிடிஎஸ்டி எனப்படும், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆய்வுக்கு முந்தைய ஓராண்டில் துணைவியிடம் வன்முறை காட்டியிருந்தார். கோளாறு இல்லாதவர்களிடம் அந்த விகிதம் அதில் பாதிகூட இல்லை. இந்த எண்ணை இரண்டு பக்கமிருந்தும் படிக்க வேண்டும். மனக்காயத்துக்கும் வன்முறைக்கும் தொடர்பு இருக்கிறது. அதே சமயம், அந்தக் கோளாறு உள்ளவர்களில் மூன்றில் இருவர் அடிக்கவில்லை. முதல் நாளே குழுவில் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இந்தத் தொடர்பு தமிழர்களுக்கும் அந்நியமானதல்ல. இலங்கையின் வடகிழக்கில் போரையும் சுனாமியையும் கண்ட தமிழ்ப் பள்ளிக் குழந்தைகளைப் பற்றி 2008-ல் ஓர் ஆய்வு வெளியானது. குழந்தை கண்ட போர் அனுபவமும் தந்தையின் குடியும் கூடக்கூட, வீட்டில் அந்தக் குழந்தை அனுபவித்த வன்முறையும் கூடியிருந்தது.

அடிக்கு முந்தைய நொடிகள்

உயிராபத்தில் வாழ்ந்த மனம் எல்லாவற்றிலும் ஆபத்தைத் தேடப் பழகிவிடுகிறது. போர்க்களத்தில் அதுதான் உயிரைக் காக்கும். வீட்டிலோ, மனைவி போனை எடுக்கவில்லை என்றாலே அது துரோகமாகப் படுகிறது. குழந்தை தட்டைக் கீழே போட்டால் அது தாக்குதலின் சத்தமாகக் கேட்கிறது.

பயிற்சி இந்த நொடிகளை மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறது: நடந்ததைக் கவனிப்பது, அதற்குப் பொருள் கொள்வது, என்ன செய்வதென்று முடிவெடுப்பது. மனைவி போனை எடுக்கவில்லை என்பது நடந்தது. "என்னை மதிக்கவில்லை" என்பது அவர் கொண்ட பொருள். வீட்டுக்குப் போய்க் கதவை உதைத்தது அவர் எடுத்த முடிவு. அடிக்கிறவர்கள் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வார்கள்: "அவ போனை எடுக்கல, எனக்குக் கண்ணுமண்ணு தெரியல." அந்த வாக்கியத்தை மூன்று துண்டாக வெட்டிக் கொடுப்பதுதான் நெறியாளரின் முதல் வேலை.

அதற்கு ஒரு கேள்வி உதவும். "அதே நாள் காலையில் மேலதிகாரி உங்களைப் பார்த்துக் கத்தினாரே, அப்போது என்ன செய்தீர்கள்?" பெரும்பாலும் "பல்லைக் கடிச்சிட்டு இருந்தேன்" என்றுதான் பதில் வரும். அப்படியானால் தன்னை அடக்கும் திறமை அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. யாரிடம் அடக்குவது, யாரிடம் அடக்க வேண்டியதில்லை என்ற கணக்கும் அவர் மனதில் இருக்கிறது. காயம் அந்த நொடியின் சூட்டை ஏற்றியிருக்கலாம். கையை யார்மேல் ஓங்குவது என்பதைக் காயம் தீர்மானிக்கவில்லை. டுலூத் சொன்ன அதிகாரமும் டாஃப்ட் சொல்லும் மனக்காயமும் இந்த இடத்தில் சந்திக்கின்றன.

குழுவில் சேர்க்கும் முன்

ஒவ்வொருவரையும் தனியே சந்தியுங்கள். "வீட்டில் சண்டை வருமா?" என்று கேட்டால் "எல்லா வீட்டிலும் உள்ளதுதான்" என்பார். செயலைச் சொல்லிக் கேளுங்கள்: தள்ளியதுண்டா, முடியைப் பிடித்து இழுத்ததுண்டா, பொருளை எறிந்ததுண்டா, போனைப் பறித்ததுண்டா, விருப்பமில்லாதபோது உடலுறவுக்கு வற்புறுத்தியதுண்டா? முர்ரே ஸ்ட்ராஸ் 1979-ல் வெளியிட்டு, 1996-ல் சகாக்களுடன் திருத்திய மோதல் அளவுகோல் இந்த முறையில்தான் கேட்கிறது. பிடிஎஸ்டி அறிகுறிகளுக்கு 20 கேள்விகள் கொண்ட பிசிஎல்-5 படிவம் போதும்.

கீழ்க்கண்டவற்றில் எது தெரியவந்தாலும் அதை உயிராபத்தின் அடையாளமாகக் கொள்ளுங்கள்:

- கழுத்தை நெரித்தது. ஒருமுறை நெரித்தவர் பின்னால் கொலைவரை போகும் ஆபத்து பல மடங்கு கூடுதல் என்று அமெரிக்க ஆய்வுகள் சொல்கின்றன.
- துப்பாக்கி, கத்தி போன்ற ஆயுதத்தைக் காட்டி மிரட்டியது.
- "உன்னைக் கொன்றுவிட்டு நானும் சாவேன்" என்று சொன்னது.
- மனைவி அண்மையில் பிரிந்தது, அல்லது பிரியத் தயாராவது.
- பின்தொடர்வது, வேவு பார்ப்பது.

செவிலியப் பேராசிரியர் ஜாக்குலின் கேம்ப்பெல் உருவாக்கிய ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் இவற்றை முறையாகக் கேட்க உதவும். அமெரிக்காவில் ஆயுதம் பற்றிய கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. குடும்ப வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று 1996-ல் வந்த லாட்டன்பெர்க் திருத்தம் சொல்கிறது. படைவீரரும் போலீசாரும் அதற்கு விலக்கல்ல.

தற்கொலை எண்ணம் தீவிரமாக உள்ளவர், மனநோயின் உச்சத்தில் உள்ளவர், நடுக்கம் வருமளவுக்குக் குடிக்கு அடிமையானவர் ஆகியோருக்கு முதலில் மருத்துவம். குழு அதன் பிறகு. ரகசியத்தின் எல்லையையும் சேரும்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். குறிப்பிட்ட ஒருவரின் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் அது இந்த அறைக்குள் நிற்காது. கலிபோர்னியாவில் 1976-ல் வந்த டாராசாஃப் தீர்ப்புக்குப் பின் அமெரிக்க மனநல ஊழியர்கள் மனதில் வைத்திருக்கும் விதி இது.

மனைவியோடு தனித் தொடர்பு

கணவரைக் குழுவில் சேர்த்துவிட்டு மனைவியிடம் பேசாமல் இருப்பது அவரைக் கூடுதல் ஆபத்தில் தள்ளும். "கணவர் சிகிச்சைக்குப் போகிறார்" என்ற நம்பிக்கையிலேயே பல பெண்கள் வீட்டில் தங்கிவிடுகிறார்கள். ஆகவே கணவர் அருகில் இல்லாத நேரத்தில் தனியே அழைத்து இவற்றைச் சொல்லுங்கள்: இது என்ன பயிற்சி, எத்தனை வாரம், இதில் என்ன கற்பிக்கிறோம், இதனால் மாற்றம் நிச்சயம் என்று எங்களால் உறுதி தர முடியாது. அவசர உதவி எண்களையும் பாதுகாப்புத் திட்டம் போடும் முறையையும் சொல்லுங்கள். பேசலாமா வேண்டாமா என்பது அவர் விருப்பம்.

அவர் சொன்ன எதையும் கணவரிடமோ குழுவிலோ மறைமுகமாகக்கூடக் காட்டக் கூடாது. "போன வாரம் வீட்டில் ஏதோ நடந்ததாமே?" என்று நெறியாளர் ஒரு வார்த்தை விட்டால், அன்றிரவு அந்தப் பெண் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கணவர் தானாகச் சொல்லும்வரை உங்களுக்கு அது தெரியாது என்ற நிலையிலேயே இருங்கள். அடி தொடரும் காலத்தில் இருவரையும் சேர்த்து உட்காரவைத்து ஆலோசனை செய்யாதீர்கள். வீட்டுக்குப் போனதும் என்ன நடக்கும் என்று தெரிந்த பெண், அந்த அறையில் உண்மையைச் சொல்ல மாட்டார்.

பன்னிரண்டு வாரங்கள்

முதல் இரண்டு அமர்வுகள் அறிமுகத்துக்கு. உடலில் விழும் அடி மட்டுமல்ல, அவமதிப்பு, மிரட்டல், மனைவியை உறவினரிடமிருந்து பிரிப்பது எல்லாமே வன்முறை என்பது விளக்கப்படும். மனக்காயம் உறவில் எங்கெல்லாம் தலைகாட்டுகிறது என்பதை நான்கு தலைப்புகளில் பேசலாம்: பிறரை நம்ப முடியாமை, எல்லாவற்றையும் கட்டுக்குள் வைக்கும் தவிப்பு, தன்மதிப்பு, குற்ற உணர்வும் வெட்கமும். ஒவ்வொருவரும் தன் இலக்கை எழுத வேண்டும். "கோபத்தைக் குறைப்பேன்" என்பது இலக்கு ஆகாது. "குரலை உயர்த்தாமல் மாதச் செலவைப் பேசி முடிப்பேன்" என்பது இலக்கு.

மூன்றாவதும் நான்காவதும் கோபத்தை முன்கூட்டியே அறிவதற்கும் டைம் அவுட் எடுப்பதற்கும். ஐந்தாவதும் ஆறாவதும் நெருக்கடியைத் தாங்குவதற்கு: எண்ணங்களை எடுத்துப் பார்த்து "இங்கே உண்மையில் ஆபத்து எவ்வளவு?" என்று எடைபோடுவது, மூச்சுப் பயிற்சி, தசைகளைத் தளர்த்துவது.

ஏழாவது முதல் பன்னிரண்டாவது வரை பேச்சுக்கு. பயிற்சியின் பாதிக் காலம் இதற்கே ஒதுக்கப்பட்டிருப்பது காரணத்தோடுதான். குறுக்கே பேசாமல் கேட்பது, கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பது, குற்றம்சாட்டாமல் தேவையைச் சொல்வது, உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது எல்லாம் இதில் வரும். பயம், வெட்கம், துக்கம், தவிப்பு எல்லாவற்றுக்கும் 'கோபம்' என்ற ஒரே பெயரை வைத்திருப்பவர்கள் இந்தக் குழுக்களில் அதிகம். பயிற்சிக்குப் பின் உணர்ச்சிகளைப் பிரித்தறிந்து சொல்லும் திறன் கூடியது என்று 2017-ல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது.

ஒவ்வொரு வாரமும் வீட்டுப்பாடம் உண்டு. அடுத்த அமர்வின் முதல் அரை மணி நேரத்தை அதற்கே கொடுங்கள். செய்யாதவரைத் திட்டாமல், அந்த இடத்திலேயே செய்யவையுங்கள்.

டைம் அவுட்: சரியாகவும் தவறாகவும்

இந்தப் பயிற்சியில் மிக எளிதாகத் தெரிவதும், மிக எளிதாகக் கெட்டுப்போவதும் இந்த உத்திதான். முறை இது:

1. உடல் தரும் முதல் அறிகுறியிலேயே எடுக்க வேண்டும்: தாடை இறுகுவது, காது சூடாவது, குரல் மாறுவது. கத்தத் தொடங்கிய பிறகு எடுப்பது தாமதம்.
2. "எனக்குச் சூடு ஏறுது. ஒரு மணி நேரம் வெளியே போயிட்டு வர்றேன். வந்து பேசலாம்" என்று தன்னைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். "நீ ஓவரா பேசுற, அதான் போறேன்" என்பது டைம் அவுட் அல்ல, கடைசி அடி.
3. போன இடத்தில் குடிக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, சண்டையை மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்க்கக் கூடாது. நடக்கலாம்.
4. சொன்ன நேரத்தில் திரும்ப வேண்டும். இன்னும் ஆறவில்லை என்றால் அதைச் சொல்லி நேரத்தை நீட்டிக்க வேண்டும்.
5. விட்ட பேச்சை எடுக்க வேண்டும். மனைவிக்கு அன்று விருப்பமில்லை என்றால் அதை ஏற்க வேண்டும்.

ஐந்தாவது படியில்தான் ஏமாற்று நடக்கிறது. பிள்ளையின் பள்ளிக் கட்டணம் பற்றிப் பேச்செடுக்கும் ஒவ்வொரு முறையும் "டைம் அவுட்" என்று எழுந்து போகிறவர், பயிற்சியையே மனைவியின் வாயை அடைக்கும் கருவியாக்கிவிட்டார். அதனால் "டைம் அவுட் எடுத்தீர்களா?" என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். "திரும்பி வந்து என்ன பேசினீர்கள்?" என்று கேளுங்கள். இந்த உத்தியைப் பற்றி மனைவிக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். வெளியேறும் கணவரைத் தடுப்பதோ அனுப்புவதோ அவர் பொறுப்பு அல்ல என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

அறையில் வரும் நெருக்கடிகள்

*மனைவி மேல் புகார்.* "அவளும்தான் அடிச்சா, அதை ஏன் யாரும் கேட்கல?" விவாதத்தில் இறங்காதீர்கள். "அவர் இந்த அறையில் இல்லை. இங்கே மாற்றக்கூடியது உங்கள் நடத்தை ஒன்றைத்தான். அவர் அப்படிச் செய்தபோது உங்களுக்கு முன்னால் எத்தனை வழிகள் இருந்தன?" என்று திருப்புங்கள்.

*போர்க் கதை.* ஒருவர் விவரிக்கத் தொடங்கினால் மற்றவர்களின் நினைவும் கிளறப்படும். அமர்வு அதிலேயே முடிந்துவிடும். இந்தக் குழு மனக்காயத்தைத் தோண்டி ஆற்றும் இடம் அல்ல; அதற்குத் தனிச் சிகிச்சைகள் உள்ளன, அங்கே அனுப்புங்கள். இங்கே கேட்க வேண்டியது ஒன்றே: "அந்த நாள், நேற்று உங்கள் வீட்டுக் கூடத்தில் எப்படி வந்து நின்றது?"

*சிரிப்பு.* யாராவது மனைவியைக் கேலி செய்ய, அறை சிரிக்கும். நெறியாளரும் புன்னகைத்தால் அது ஒப்புதல். ஆணும் பெண்ணுமாக இரு நெறியாளர்கள் நடத்தினால் இதைக் கவனிக்க இன்னொரு கண் கிடைக்கும். பெண் நெறியாளர் சொல்வதை யார் வெட்டிப் பேசுகிறார் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

*அழுகை.* ஆண் அழுவது நல்லதுதான். ஆனால் "நான் ஒரு மிருகம்" என்று அழுபவரைக் குழு முழுவதும் தேற்றத் தொடங்கினால், அடிபட்டவர் கதையிலிருந்து மறைந்துவிடுவார். அழ நேரம் கொடுத்த பிறகு, "அன்று அவருக்கு எப்படி இருந்திருக்கும்?" என்று கேளுங்கள். வெட்கப்படுத்தித் திருத்தப் பார்ப்பதும் உதவாது. வெட்கம் பொறுக்காதவர் அதை வீட்டில்தான் இறக்கிவைப்பார்.

பலன் எவ்வளவு

இரண்டு படைவீரர் மருத்துவமனைகளில் 135 ஆண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய சோதனையின் முடிவு 2016-ல் வெளியானது. வழக்கமான சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்களைவிட, இந்தக் குழுவில் இருந்தவர்களிடம் உடல் வன்முறையும் மன வன்முறையும் கூடுதலாகக் குறைந்தன. ஆண்கள் சொன்னதை மட்டும் நம்பாமல் துணைவியரிடமும் கேட்டார்கள் என்பது அந்தச் சோதனையின் பலம்.

பெரிய மருத்துவமனை இல்லாத இடத்திலும் இது முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஜாம்பியா ஒரு பதில். லுசாகாவில், மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே நடத்திய 'சீட்டா' என்ற சிகிச்சையின் முடிவு 2020-ல் வெளிவந்தது. பெண்கள் மீதான வன்முறை, ஆண்களின் குடி இரண்டுமே குறைந்திருந்தன.

நம் சட்டச் சூழல்

இந்தியாவில் 2005-ம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 14-வது பிரிவின்படி, எதிர்மனுதாரரை ஆலோசனைக்குச் செல்லுமாறு மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். அதற்கான 2006-ம் ஆண்டு விதிகள், ஆலோசனையின்போது தான் செய்த வன்முறைக்கு எதிர்மனுதாரர் எந்த நியாயமும் கற்பிக்க அனுமதிக்கக் கூடாது என்றும், இதை அவரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்றும் கூறுகின்றன. குழு நடத்துபவருக்கு இதைவிடப் பலமான பிடி கிடைக்காது. பெண்களுக்கான உதவி எண் 181. இலங்கையில் 2005-ம் ஆண்டின் 34-ம் இலக்கக் குடும்ப வன்முறைச் சட்டமும் 1938 என்ற உதவி எண்ணும் உள்ளன.

சான்றிதழில் என்ன எழுதுவது

பன்னிரண்டாவது வாரம் கேட்பார்கள். கோர்ட்டுக்கு வேண்டும், மாமனார் வீட்டில் காட்ட வேண்டும் என்பார்கள். எத்தனை அமர்வுக்கு வந்தார், எத்தனை வீட்டுப்பாடம் முடித்தார் என்று மட்டும் எழுதுங்கள். 'திருந்திவிட்டார்', 'இனி ஆபத்தில்லை' என்ற சொற்கள் எந்த வடிவிலும் இடம்பெறக் கூடாது. குழுவில் அவர் எவ்வளவு நன்றாகப் பேசினார் என்பதற்கும் வீட்டில் எப்படி நடக்கிறார் என்பதற்கும் உறுதியான தொடர்பு கிடையாது. குழந்தைகளைப் பார்க்கும் உரிமையோ, வீட்டுக்குள் நுழையும் அனுமதியோ அந்தத் தாளை வைத்துத் தீர்மானிக்கப்படலாம். சான்றிதழ் கொடுக்கும் வாரத்தில் மனைவியை மறுபடி தனியே அழைத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது, என்ன எழுதவில்லை என்று சொல்லுங்கள். மூன்று மாதம், ஆறு மாதம் கழித்து மீண்டும் கேளுங்கள். பயிற்சி பலித்ததா இல்லையா என்பதற்கு நீங்கள் பதிவு செய்ய வேண்டிய பதில் மனைவி தருவதுதான்.